பிரிக்காத முருங்கைக்காய்

உயிரின் விலை பிரிக்ஃபீல்ட்ஸில் எண்பத்தைந்து ரிங்கிட். மெய்யம்மைக்கு மட்டும் எழுபது.

விற்றவன் யுகேந்திரன். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் முக்குளிப்புச் சாமான் விற்கிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் முக்குளிக்கக் கற்றுக்கொடுக்கிறவன். ரப்பர் வாசனையும் கீழிருந்து ஏறிவரும் பாகற்காய்ப் பொரியல் வாசனையும் அவன் கடையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தன. கண்ணாடி மேசைமேல் அவன் எடுத்துப் போட்டது ஓர் ஆள் உயரத்துக்கு நீளக்கூடிய ஆரஞ்சு நிறக் குழல். சுருட்டினால் பைக்குள் அடங்கிவிடும். தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வருகிறவர் அதில் காற்றை நிரப்பி நிமிர்த்தினால், இங்கே ஒரு தலை இருக்கிறது என்று தூரத்துப் படகுக்காரனுக்குத் தெரியும். நிமிர்த்தாவிட்டால் தெரியாது. படகும் தலையும் செய்துகொள்ளும் வியாபாரத்தில் நஷ்டம் எப்போதும் தலைக்குத்தான். முக்குளிக்கிறவர்கள் இதை சாசேஜ் என்பார்கள். மெய்யம்மை முருங்கைக்காய் என்பாள்.

“எண்பத்தஞ்சு ஆச்சி.”

“காத்தை நான்தானே ஊதணும். வெறும் உறைக்கா எண்பத்தஞ்சு?”

“இது இட்லிச் சட்டி இல்ல. உயிர்ச் சாமான்.”

“இட்லிச் சட்டி இருவது வருஷம் உழைக்கும் தம்பி. உன்கிட்ட வாங்கின பழைய முருங்கைக்காய் ஆறு வருஷத்துல ஓரம் விட்டுடுச்சு. அதையும் சேர்த்துக் கழி.”

கழித்தான். பொட்டலத்துக்குள் ஏற்கெனவே கிடந்த விசிலை இலவசம் என்று சொல்லித் தன் மானத்தையும் காப்பாற்றிக்கொண்டான். தடித்த பிளாஸ்டிக் உறை, நான்கு பக்கமும் சூடுவைத்து ஒட்டியது. கத்தரிக்கோலை எடுத்து நீட்டினான்.

“இங்கயே பிரிச்சு ஒரு தடவை ஊதிப் பாருங்க.”

“பிரிக்கிற கை வேற,” என்று மெய்யம்மை பொட்டலத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த வேறு கை உஷாராணியுடையது. உஷாராணி பிரிக்ஃபீல்ட்ஸில் இன்ஷூரன்ஸ் ஏஜென்டு. அவள் போட்டுக்கொடுத்த ஆயுள் பாலிசிக்காரர்களில் ஒருவர்கூட இதுவரை செத்ததில்லை. கைராசிக்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமென்றால் கம்பெனி மேனேஜரைத்தான் கேட்க வேண்டும். கிள்ளானில் மெய்யம்மையின் எவர்சில்வர் பாத்திரக் கடையில் வெள்ளிக்கிழமை போணி, அதாவது அன்றைய முதல் விற்பனை, பல வருடங்களாக உஷாராணியின் கையால்தான். ரயிலேறி வந்து ஒரு கரண்டி வாங்குவாள். அவள் வீட்டில் கரண்டி வைக்க இடமில்லை. மெய்யம்மை வீட்டில் புதிதாக வருகிற எதையும், அது ஏர்கான் ரிமோட்டாக இருந்தாலும் சரி, உஷாராணி வந்து பிரிக்கும்வரை பிளாஸ்டிக் உறையோடுதான் அமுக்குவார்கள்.

முக்குளிப்பு வந்ததும் அவள் வழியாகத்தான். பாலிசி டார்கெட்டைத் தாண்டியதற்கு அவள் கம்பெனி இரண்டு பேர் முக்குளித்துப் பார்க்க இலவசச் சீட்டு கொடுத்தது. இலவசத்தை வீணாக்கக் கூடாது என்று ஆறு வருடத்துக்கு முன் இரண்டு பேரும் இறங்கினார்கள். அதற்கப்புறம் காசு கொடுத்தே இறங்குகிறார்கள். தண்ணீருக்கு அடியில் யாரும் தனியாகப் போகக் கூடாது, ஜோடியாகத்தான் போக வேண்டும் என்பது முக்குளிப்பின் சட்டம். மெய்யம்மைக்கு உஷா, உஷாவுக்கு மெய்யம்மை.

மூன்று மாதத்துக்கு முன் ஷாமினி வந்து சேர்ந்தாள். பூச்சோங்கில் பல் டாக்டர், முப்பத்து நான்கு வயது, சிரித்தால் விளம்பரம் மாதிரி இருக்கும். உஷாராணியை அவள் கூப்பிட்டது அக்கா என்று. மெய்யம்மையைக் கூப்பிட்டது ஆன்டி என்று. இருவருக்கும் வித்தியாசம் இரண்டே வயது. அந்த இரண்டு வயதை ஒரு தலைமுறையாக நீட்டத் தெரிந்தவளை மெய்யம்மை வேறு எந்தக் கணக்கில் வைக்க முடியும்? போன மாதம் ஷாமினி உஷாராணிக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ரோஸ் நிறக் குழல் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தாள். தனக்கும் அதே ரோஸில் ஒன்று வாங்கிக்கொண்டாள். இருவரும் அதைச் சேர்த்துப் பிடித்து நின்ற படம் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, மெய்யம்மை அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டுக் கடைப்பையனை எந்தக் காரணமும் இல்லாமல் திட்டினாள்.

அடுத்த மாதம் தியோமான் தீவுக்குப் பயணம். யுகேந்திரன் குழுவில் ஒரு வரி போட்டிருந்தான்: ஞாயிற்றுக்கிழமை டெங்கில் குட்டையில் மேல்மட்டப் பயிற்சி, அதைப் பார்த்துவிட்டு ஜோடி சொல்வேன்.

அந்த வரியை மெய்யம்மை பலமுறை படித்தாள். ஆறு வருடத்தில் ஜோடி யார் என்பது ஒருநாளும் கேள்வியாக இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை குழல் பொட்டலத்தைக் கல்லாப் பெட்டிமேல், விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். உஷா வருவாள், கரண்டி வாங்குவாள், இதைப் பிரிப்பாள், அந்தக் கையின் ராசியில் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாகிவிடும். கடை திறந்து வெகுநேரமாகியும் ஆள் வரவில்லை. ஓர் அம்மாள் இட்லிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேட்டபடி நின்றார். அவரை உட்காரவைத்து நீர்மோர் கொடுத்து நேரத்தை ஓட்டினாள். போன் அடித்தது.

“மெய்யு, நான் பூச்சோங்ல இருக்கேன்.”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா பூச்சோங்ல என்னடி?”

“ஷாமினி ரெண்டாவது கிளினிக் தொறக்கறா. மொத ஆளா நீங்கதான் வந்து உட்காரணும் அக்கான்னா. உட்கார்ந்தேன். பல்லைச் சுத்தம் பண்ணி விட்டா. காசும் குடுத்துட்டேன்.”

மெய்யம்மை பொட்டலத்தை விளக்குக்கு அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

“போணி பண்ணியிருக்க.”

“அப்படித்தான் வெச்சுக்கயேன் லா. கொஞ்ச நேரத்துல கெளம்பி வரேன். ஒரு கரண்டி எடுத்து வை.”

“கரண்டி ஸ்டாக் இல்ல,” என்றாள் மெய்யம்மை. அவள் தலைக்குமேல் கொத்துக் கொத்தாகக் கரண்டிகள் தொங்கிக்கொண்டிருந்தன. இட்லிச் சட்டி அம்மாளிடம் திரும்பி, அவர் கேட்ட விலைக்கே கொடுத்து அனுப்பினாள். அந்த அம்மாள் இன்றுவரை அதை அதிசயமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

உஷாராணி மத்தியானம் பளபளக்கும் பற்களோடு வந்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள்.

“புதுசா? குடு, பிரிக்கிறேன்.”

“வேணாம்.”

“ஏன்?”

“உன் கை காலைலேயே வேலை செஞ்சு களைச்சுப் போயிருக்கும்.”

“அடிப்போடி. கை என்ன ப்ரீபெய்டு கார்டா, தீர்ந்து போக?”

“யாருக்குத் தெரியும்? பூச்சோங் வரைக்கும் போயிட்டு வந்திருக்கு.”

உஷாராணி சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் ஷாமினியின் கைவேலை தெரிந்தது. மெய்யம்மை பொட்டலத்தை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளே வந்து கெஞ்சட்டும், பிறகு பிரிக்கட்டும் என்பது கணக்கு. உஷாராணி கெஞ்சவில்லை. அப்படியொரு கணக்கு ஓடுவதே அவளுக்குத் தெரியாது.

டெங்கில் குட்டை ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பள்ளம். இப்போது தண்ணீர் தேங்கி, கரையில் நின்றால் எதிர்க்கரை ஆள் எறும்பாகத் தெரியும் அளவுக்கு அகலம். ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில்காரர்கள் மோட்டார் வைத்த சம்பான் படகுகளில் சுற்றுவார்கள். தண்ணீர் பச்சை. நீட்டிய கை விரல்கள் தெரிந்தால் நல்ல நாள்.

யுகேந்திரன் தன் படகில் நின்று பிரித்துச் சொன்னான்.

“உஷாக்கா என்கூட படகுல, காவல் வேலை. ஆச்சியும் ஷாமினியும் ஜோடி.”

“யாரு யாரு?” என்றாள் மெய்யம்மை.

“நீங்களும் நானும் ஆன்டி,” என்றாள் ஷாமினி.

“அடியில ஒருத்தரை ஒருத்தர் விட்டுட்டா ஒரு நிமிஷம் தேடுங்க. அப்புறம் மேலே வந்துடுங்க. வரும்போது அஞ்சு மீட்டர்ல நின்னு, குழல்ல காத்தடிச்சு, கயிறைப் பிடிச்சுக்கிட்டே அதை மேலே அனுப்புங்க. குழல் முதல்ல, தலை அப்புறம். மேலே வந்ததும் மிதவை ஜாக்கெட்டுல காத்து. காத்து ஏறாம வாயில இருக்கிறதை எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. அடியில செத்தவங்களைவிட மேல வந்து செத்தவங்க ஜாஸ்தி ஆச்சி.”

“காலங்காத்தால நல்ல வார்த்தை சொல்லு.”

இறங்குவதற்கு முன் ஜோடி ஒருவர் சாமானை ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். ஷாமினி முறைப்படி ஆரம்பித்தாள். காற்றுக்குழாய், பெல்ட், ஜாக்கெட். பைக்குக் கை நீண்டபோது மெய்யம்மை அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

“என் சாமானை நான் பார்த்துக்குவேன்.”

“குழல் இருக்கா ஆன்டி?”

“இருக்கு.”

இருந்தது. தடித்த உறைக்குள், நான்கு பக்கமும் ஒட்டி, இலவச விசிலோடு பத்திரமாக இருந்தது.

தண்ணீருக்குள் மெய்யம்மை முன்னால் போனாள். ஜோடி என்றால் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவளோ பூச்சோங்குக்கும் கிள்ளானுக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் இருந்தால் தேவலை என்று காலில் மாட்டிய துடுப்பை அடித்தாள். பின்னால் ஒரு தடவை ஷாமினியின் விளக்கு மஞ்சளாகத் தெரிந்தது. அடுத்த தடவை திரும்பியபோது பச்சை மட்டும்தான்.

ஒரு நிமிடம் தேடினாள். சட்டப்படி மேலே ஏறினாள். ஐந்து மீட்டரில் நின்று பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். பிரிக்கப் பார்த்தாள். ஊறிப்போன விரலுக்கு அந்தப் பிளாஸ்டிக் பிடி கொடுக்கவே இல்லை. ஓரத்தைத் தேடினாள், எல்லா ஓரமும் ஒரே மாதிரி இருந்தது. மேலே எங்கேயோ மோட்டார் ஒன்று கரகரத்துக்கொண்டு போனது. தண்ணீருக்கு அடியில் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. எல்லாப் பக்கமும் படகுதான். சத்தம் தேயும்வரை காத்திருந்து, ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு, குழல் இல்லாமலேயே ஏறினாள்.

மேலே வானமும் தண்ணீரும் ஒரே நிறமாக இருந்தன. டெங்கில் பக்கத்து மழை எப்போதும் சொல்லிக்கொண்டு வராது. காற்று அலையைக் கிளப்பி முகத்தில் அடித்தது. ஜாக்கெட்டுக்குக் காற்றை விட்டாள். கண்ணாடியைக் கழற்றவில்லை, வாய்க்குழாயையும் எடுக்கவில்லை. ஆறு வருடப் பாடம் கையில் இருந்தது. அலைக்கு நடுவில் கறுப்புத் தொப்பி போட்ட அவள் தலை, மிதக்கும் தேங்காய் மட்டையைவிட அதிக மதிப்பில்லாமல் ஆடியது.

யுகேந்திரனின் படகு தெரிந்தது. முன்பக்கம் உஷாராணி எழுந்து நின்று எதையோ சுட்டிக்காட்டினாள். மெய்யம்மை கையைத் தூக்கினாள். உஷாராணியின் விரல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே, காற்றில் சாய்ந்து சாய்ந்து, ரோஸ் நிறக் குழல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. படகு அதன் பின்னால் திரும்பியது.

மெய்யம்மை வாயில் குழாயை வைத்துக்கொண்டே, குழாய்க்குள் கேட்க முடியாத ஒரு வார்த்தை சொன்னாள். செத்தாலும் முதலில் ஷாமினி, அப்புறம்தான் நான். ஆறு வருட ஜோடி, பல வருடப் போணி, வீடு நிறையக் கரண்டி, எல்லாம் ஒரு ரோஸ் பிளாஸ்டிக்குக்கு முன்னால் தள்ளுபடி.

பக்கத்தில் தண்ணீர் பிளந்து ஒரு தலை வந்தது. ஷாமினி. அவள் கையில் எதுவும் இல்லை.

ஜாக்கெட் நிறைந்து நிலைப்பட்டதும் ஷாமினி வாய்க்குழாயை எடுத்தாள்.

“குழலை அனுப்பினேன் ஆன்டி. கயிறு கையை விட்டு வழுக்கிடுச்சு. அது மட்டும் போயிடுச்சு.”

மெய்யம்மைக்குப் புரிந்தது. உஷாராணி துரத்திக்கொண்டிருப்பது ஷாமினியை இல்லை. அந்தக் குழலுக்கு அடியில் யாருமே இல்லை. ஒரு நொடி அவளுக்கு மனசு குளிர்ந்தது. அடுத்த நொடி மோட்டார் சத்தம் கேட்டது. தூண்டில்காரன் ஒருவன் மழைக்கோட்டைத் தலைவரை இழுத்துக்கொண்டு, குனிந்தபடி, கரையைப் பார்த்துச் சம்பானை விரட்டிக்கொண்டிருந்தான். கரைக்கும் அவனுக்கும் நடுவில் இவர்கள் இருவர்.

“உங்க குழல் எங்க?”

மெய்யம்மை பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள். ஷாமினி அதைப் பார்த்தாள். மெய்யம்மையைப் பார்த்தாள்.

“இன்னும் பிரிக்கவே இல்லையா?”

“ஆள் வரல,” என்றாள் மெய்யம்மை, வாய்க்குழாயை எடுத்துவிட்டு. உறையைப் பல்லுக்குக் கொண்டுபோனாள்.

“ஐயோ, கடிக்காதீங்க. முன்பல்லு கேப் போட்டது, பார்த்தாலே தெரியுது. கழண்டு வந்துடும்.”

“உயிர் போகுது, இவளுக்குப் பல்லு.”

“ரெண்டும் போக வேணாம்னுதான் சொல்றேன். இங்க குடுங்க.”

ஷாமினி தோள்பட்டையில் செருகியிருந்த சின்ன வெட்டுக்கத்தியை இழுத்தாள். தூண்டில் நரம்பில் சிக்கினால் அறுக்க வைத்துக்கொள்வது. கையை நீட்டினாள். மெய்யம்மை பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றாள் என்பதுகூடத் தவறு, ஆடினாள். சம்பான் வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்திலும் அவள் கணக்குப் போட்டாள்: உஷாவின் கைக்கென்று எடுத்து வைத்தது, இவள் கையால் பிரிந்தால் அப்புறம் என்ன மிச்சம்?

“குடுங்கம்மா,” என்று ஷாமினி கத்தினாள். பயத்தில் அவள் குரல் குழந்தைக்குரல் ஆகியிருந்தது.

ஆன்டியிலிருந்து அம்மா. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் பாட்டியாக்கிவிடுவாள். மெய்யம்மை கொடுத்தாள்.

ஒரே இழுப்பு. உறை பிரிந்தது. ஷாமினி குழலின் வாயைக் கடித்து ஊதினாள், மூச்சு வாங்கியபோது மெய்யம்மை பிடுங்கி ஊதினாள், திரும்ப அவள். எச்சில், தீட்டு எதுவும் ஞாபகம் வரவில்லை. முருங்கைக்காய் விறைத்து நிமிர்ந்தது. இருவரும் அதன் அடியை நான்கு கையால் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்து நேராக நிறுத்தினார்கள். மெய்யம்மை உறைக்குள் கிடந்த விசிலை வாயில் வைத்தாள். குறுகலான கடைச் சந்தில் லோரிக்காரர்களைக் கத்திக் கத்தி ரிவர்ஸ் எடுக்கவைத்த நெஞ்சு அது. விசில் இவ்வளவு ஊதப்படும் என்று அதைச் செய்தவன்கூட நினைத்திருக்க மாட்டான்.

சம்பான்காரன் நிமிர்ந்தான். மோட்டாரை ஒடித்துத் திருப்பினான். அலை அவர்கள் தலைமேல் ஏறி இறங்கியது.

“அலாமா,” என்று மலாயில் ஐயோ போட்டான் அவன்.

மழை இறங்கிவிட்டது. குழலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருவரும் ஆடினார்கள்.

“நான் உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கேன், தெரியுமா?” என்றாள் ஷாமினி.

“என்னைப் பார்த்தா?”

“உஷாக்கா வாயைத் தொறந்தா மெய்யு அப்படி, மெய்யு இப்படி. பல்லு கிளீன் பண்ணும்போதும் விடல. வாயில மெஷினை வெச்சிருக்கேன், அதுக்குள்ளாரயும் உங்க பேருதான்.”

“எப்படி? நல்ல மாதிரியா?”

“பாதி.”

மெய்யம்மை அந்தப் பாதியை மனசுக்குள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

யுகேந்திரனின் படகு வந்து சேர்ந்தது. உஷாராணி கையில் ஆள் இல்லாத ரோஸ் குழலைப் பிடித்துக்கொண்டு வெளுத்துப்போய் நின்றாள். இருவரையும் இழுத்து ஏற்றினார்கள். அவர்களோடு வந்து படகின் தரையில் கிடந்த கிழிந்த உறையை யுகேந்திரன் எடுத்தான். எண்பத்தைந்து என்று அச்சடித்த ஸ்டிக்கர் அதில் அப்படியே இருந்தது.

“ஆச்சி.”

“சொல்லாத.”

“சொல்லத்தான் போறேன். ஷாமினி, கயிறைக் கையில சுத்தாம பிடிக்கணும், ஆனா விடக் கூடாது. இன்னும் பழகணும். ஆச்சி, நீங்க ஜோடியை விட்டுட்டு ஓடினீங்க, உறையைக்கூடப் பிரிக்காம எறங்கினீங்க. தியோமான்ல நீங்க ரெண்டு பேரும்தான் ஜோடி. ஒருத்தர் பையை ஒருத்தர் தொறந்து பார்க்கிற வரைக்கும் யாரையும் தண்ணியில விடமாட்டேன். உஷாக்கா என்கூட.”

மெய்யம்மை எதிர்த்துப் பேசுவாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

“யாரு பிரிச்சது?” என்றாள் உஷாராணி, உறையைப் பார்த்துக்கொண்டே.

“நான்தான் அக்கா,” என்றாள் ஷாமினி.

உஷாராணி ரோஸ் குழலிலிருந்து காற்றை இறக்கி, தேவைக்கு அதிகமாக இறுக்கிச் சுருட்டினாள்.

“வெள்ளிக்கிழமை குடுன்னு கேட்டேன். குடுக்கல,” என்று கடைசியில் சொன்னாள்.

“கை களைச்சிருக்கும்னு...”

“என் கை களைச்சிருக்கா இல்லையான்னு நான்தான் சொல்லணும்.”

மெய்யம்மைக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். மூன்று மாதமாகத் தன் தொண்டைக்குள்ளேயே இருந்த குரல். அதை வெளியிலிருந்து கேட்டபோது, சொன்னால் வெட்கம், காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது.

கரையில் சாமான்களை மெய்யம்மையின் கடை வேனில் ஏற்றும்போது யுகேந்திரன் கையை நீட்டினான்.

“அந்தப் பதினஞ்சு ரிங்கிட்டை எடுங்க ஆச்சி. உயிரைக் காப்பாத்தியிருக்கு.”

“பிரிச்ச சாமானுக்கு விலை குறையும் தம்பி. நீதான் எனக்குத் தரணும்.”

வேன் பிரிக்ஃபீல்ட்ஸ் நோக்கி ஓடியது. உஷாராணி பின்சீட்டில், மழையைப் பார்த்தபடி. முன்சீட்டில் ஷாமினி, கிளினிக்குக்கு இட்லிச் சட்டி மாதிரி ஏதாவது ஸ்டெரிலைஸ் பண்ணக் கிடைக்குமா என்று கேட்டபடி. மெய்யம்மை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் கணக்கைக் கூட்டினாள்.

முருங்கைக்காய் எழுபது, கொடுத்தாயிற்று. விசில் இலவசம், அதுதான் அதிகம் உழைத்தது. யுகேந்திரனுக்குப் பதினைந்து, தரப்போவதில்லை. ஷாமினிக்கு ஓர் உயிர் கடன். அதில் மூன்று மாதமாகக் கூப்பிட்ட ஆன்டிகளைக் கழித்துக்கொண்டாலும், கடைசியாகக் கூப்பிட்ட அம்மாவையும் சேர்த்துக்கொண்டாலும், இன்னும் பெரிய தொகை நிற்கிறது. சட்டியை அடக்கவிலைக்குக் கொடுத்தால் வட்டியாவது தீரும். உஷாவுக்கு ஒரு போணி, ஒரு கரண்டி, பிரிக்கக் கொடுக்காத ஒரு பொட்டலம்.

பாக்கி.